புது காமிக்ஸுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? புதிதாகத் தொடங்கும் ரசிகர்களுக்கு

காமிக்ஸ் விமர்சனம் என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். முக்கால்வாசி கதைச் சுருக்கம். அதன் பின் "ஓவியங்கள் அருமை" என்று ஒரு வரி. கடைசியில் பத்துக்கு எட்டரை. இதைப் படித்தவருக்குக் கதை தெரிந்துவிடும். அந்தப் புத்தகம் தனக்குப் பிடிக்குமா என்பது மட்டும் தெரியாது. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள்: இதே கதை நாவலாக வந்திருந்தாலும் இந்த விமர்சனத்தை ஒரு வரிகூட மாற்றாமல் போடலாம் என்றால், நீங்கள் காமிக்ஸைப் பற்றி இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

கீழே இருப்பது ஒரு புது இதழைக் கையில் வைத்துக்கொண்டு முதல் விமர்சனம் எழுத உட்காருபவருக்கான வேலைமுறை. கடைசிப் பகுதி, "எனக்கு எதைப் படிக்கலாம்?" என்று கேட்டு வருபவருக்கு எதைக் கொடுப்பது என்பது பற்றியது. அது தனி வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. கையில் இருப்பது எந்த வடிவம் என்று பாருங்கள்

அமெரிக்க மாத இதழ் என்றால் பெரும்பாலும் 32 பக்கம்; விளம்பரங்கள் போகக் கதைக்குக் கிடைப்பது 20 முதல் 22 பக்கம்தான். பிரெஞ்சு-பெல்ஜிய ஆல்பம் பெரிய அளவில், கெட்டி அட்டையில், வழக்கமாக 48 பக்கம் இருக்கும். அடுத்த பாகத்துக்கு ஒரு வருடம்கூடக் காத்திருக்க நேரும். ஜப்பானிய மங்காவின் வாராந்திர அத்தியாயம் 20 பக்கத்துக்குச் சற்று முன்பின். அத்தியாயங்களைச் சேர்த்து வரும் தொகுதி 200 பக்கத்தை ஒட்டி இருக்கும். இத்தாலியின் போனெல்லி பதிப்பகப் பாணி இதழ்கள் 16க்கு 21 செ.மீ. அளவில், கறுப்பு வெள்ளையில், நூறு பக்கத்தை ஒட்டி ஓடுபவை. 1948 முதல் உலவும் அதன் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைத் தெரியாத காமிக்ஸ் ரசிகர் குறைவு. திரையில் படிப்பதற்கென்றே வரும் கொரிய வெப்டூனுக்குப் பக்கமே கிடையாது, விரலால் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான்.

விமர்சனத்தின் நியாயமே இந்தக் கணக்கில் இருக்கிறது. 20 பக்க இதழில் முதல் எட்டுப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அது குறை. 200 பக்கத் தொகுதியில் அதே எட்டுப் பக்கம் நிதானமான தொடக்கம். மங்காவில் ஒரு சண்டை 40 பக்கம் நீள்வது சாதாரணம். 48 பக்க ஆல்பத்தில் அப்படி நீண்டால் புத்தகமே காலி.

எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் பின்னாலிருந்து ஒளி வருவதால் வண்ணங்கள் பளிச்சென்று தெரியும். அதே பக்கம் வழவழப்பு இல்லாத தாளில் அச்சானால் இருண்டு, இரவுக் காட்சிகள் சேறுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் செயலியில் மட்டும் படித்திருந்தால் பக்க வடிவமைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள், ஏனென்றால் நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. வெளியீட்டுக்கு முன் அனுப்பப்படும் பிடிஎஃப் பிரதியில் எழுத்துப் பிழைகளும் முடிவாகாத வண்ணங்களும் இருக்கலாம். அவற்றைக் குறையாகச் சொல்வதற்கு முன் அச்சில் வந்ததோடு ஒப்பிட வேண்டும்.

2. இரண்டு முறை படியுங்கள், இரண்டாவது முறை வேறு மாதிரி

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். சாதாரண வாசகராகப் படித்து, எங்கே வேகமாகப் புரட்டினீர்கள், எங்கே நின்றீர்கள், எங்கே முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போனீர்கள் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்பிப் போன இடம்தான் முக்கியமானது. ஒன்று, அந்தக் கட்டம் அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் என்ன நடக்கிறது என்றே புரியாமல் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது வாசிப்பு மறுநாள். இப்போது வசனங்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். ஏதாவது ஐந்து பக்கங்களை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள்: யார் யார் இருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், என்ன மாறியது? படம் மட்டுமே இதற்குப் பதில் சொன்னால் ஓவியர் தன் வேலையைச் செய்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் பலூனை (வசனம் இருக்கும் குமிழை) படித்தால்தான் புரியும் என்றால், கதாசிரியர் வசனத்தை வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார்.

வசனத்தின் அளவையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்க அளவுப் பக்கத்தில் ஏறக்குறைய 200 சொற்களைத் தாண்டினால் படத்துக்கு மூச்சு முட்டும். மொழிபெயர்ப்புகளில் இந்தச் சிக்கல் கூடுதல். பலூன் மூல மொழியின் வசனத்துக்காக வரையப்பட்டது. நீளமான சொற்கள் உள்ள மொழிக்கு வரும்போது எழுத்து சிறுத்துப்போகும், அல்லது வசனம் வெட்டப்படும். படிக்கவே கண் வலித்தால் அதை எழுதுங்கள். ஆனால் அந்தக் குறை எந்தப் பதிப்பினுடையது என்றும் சொல்லுங்கள். மூலத்தை உருவாக்கியவர் மேல் போடாதீர்கள்.

3. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரித்துப் பாருங்கள்

விமர்சனத்தின் உயிர் இந்தப் படிதான். புத்தகத்தின் பலமோ பலவீனமோ தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதுங்கள். ஒரு கற்பனை உதாரணம். போலீஸ் விசாரணைக் காட்சி. "ஓவியங்கள் அருமை, விசாரணைக் காட்சி விறுவிறுப்பு" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆறு கட்டங்களும் ஒரே அளவு, ஒரே கோணம். அதிகாரி கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாறுவது மேசை மேலிருக்கும் தண்ணீர் தம்ளர் மட்டும். கட்டத்துக்குக் கட்டம் அது விளிம்பை நோக்கி ஒரு விரல் நகர்கிறது. அதிகாரி கவனிக்கவில்லை, நாம் கவனிக்கிறோம். ஆறாவது கட்டத்தில் தம்ளர் இல்லை. சத்தம் பக்கத்தைத் திருப்பினால்தான் வருகிறது."

அவ்வளவுதான். "பதற்றம்" என்ற சொல்லே இல்லை, ஆனால் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டது. கதையின் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. அசையாத கோணம், ஒரே அளவுக் கட்டம், பக்கத் திருப்பம் ஆகிய மூன்று உத்திகளும் போகிற போக்கில் சொல்லியாகிவிட்டது.

பக்கத் திருப்பத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அச்சுப் புத்தகத்தில் அதிர்ச்சியை வைக்கச் சரியான இடம், திருப்பியவுடன் கண்ணில் படும் முதல் பக்கம். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் முந்தைய பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். நல்ல கதாசிரியர்கள் இதைத் திட்டமிட்டே எழுதுவார்கள். நடுவில் விளம்பரப் பக்கம் நுழைந்தோ தொகுப்பில் பக்க வரிசை மாறியோ இந்தத் திட்டம் கெட்டுப்போவதும் உண்டு. வெப்டூனில் இதே வேலையைக் கட்டங்களுக்கு நடுவே விடும் நீண்ட வெற்றிடம் செய்கிறது.

கதை ஏன் மெதுவாக இருந்தது, ஏன் ஓடியது என்று சொல்ல முடியவில்லையா? காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று காமிக்ஸ் வடிவிலேயே புத்தகம் எழுதிய ஸ்காட் மெக்ளவுட் 1993இல், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் விதங்களை ஆறாகப் பிரித்துக் காட்டினார்: ஒரு கணத்திலிருந்து அடுத்த கணம், ஒரு செயலிலிருந்து அடுத்த செயல், ஒரே காட்சிக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம், ஒரு காட்சியிலிருந்து வேறு காட்சி, ஒரே இடத்தின் வெவ்வேறு அம்சங்கள், கடைசியாகத் தொடர்பே இல்லாத தாவல். பெரும்பாலான சாகசக் கதைகள் இரண்டாவது வகையில் ஓடும். மழை, ஜன்னல், ஈரச் செருப்பு என்று ஐந்தாவது வகை அடுக்கடுக்காக வந்தால் நேரம் நின்றுவிட்டதுபோல் இருக்கும். மங்காவில் இதை அதிகம் பார்க்கலாம். இந்தப் பெயர்களை விமர்சனத்தில் ஒப்பிக்கத் தேவையில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

4. ஓவியத்தைப் பற்றி எதைச் சொல்வது

"அருமை", "பிரமாதம்", "கண்ணுக்கு விருந்து" மூன்றையும் தடை செய்துவிடுங்கள். அதற்குப் பதில் பார்க்க வேண்டியவை இவை.

கோடு: டின்டினை உருவாக்கிய எர்ஜே போட்டதுபோல் ஒரே தடிமனில், நிழல் கீறல் இல்லாமல் தெளிவாக ஓடுகிறதா, தூரிகையில் தடித்தும் மெலிந்தும் வருகிறதா? நடிப்பு: எல்லா முகத்திலும் ஒரே கோபம்தானா, முடியையும் உடையையும் எடுத்துவிட்டால் ஆளை அடையாளம் தெரியுமா? பின்னணி: முதல் பத்துப் பக்கத்தில் கட்டடம், தெரு, ஜன்னல் எல்லாம் இருந்து, கடைசிப் பத்தில் வெறும் நிறப்பட்டையாக மாறியிருந்தால் பெரும்பாலும் கெடு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மாதத் தொடர்களில் இது அடிக்கடி நடக்கும். நடுவில் இன்னொரு ஓவியர் உள்ளே வந்திருக்கிறாரா என்று பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.

புதியவர்கள் தவறவிடும் சின்னச் சின்னப் பிழைகள் இரண்டு. முதலாவது, இடம் மாறும் பாத்திரங்கள். இடமிருந்து வலமாகப் படிக்கும் காமிக்ஸில் முதலில் பேசுபவர் கட்டத்தின் இடப்பக்கம் நிற்பது நல்லது. வலப்பக்கம் நின்றால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், யார் எதைச் சொன்னார் என்று தடுமாறுவோம். வலமிருந்து இடமாகப் போகும் மங்காவில் இது தலைகீழ். இரண்டாவது, கோடுகள் உரசுவது. பின்னாலிருக்கும் விளக்குக் கம்பம் நாயகனின் மண்டையிலிருந்து முளைத்ததுபோல் தெரிந்தால், இரண்டு பொருள்களின் விளிம்பு ஒரே இடத்தில் தொட்டுவிட்டது. ஆழம் போய்ப் படம் தட்டையாகிவிடும்.

வண்ணம் போட்டவரும் எழுத்தமைத்தவரும் பல நேரம் தனித்தனி ஆட்கள். 1988இல் தொடங்கிய, அமெரிக்கக் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகளில் இந்த இரண்டு வேலைக்கும் தனிப் பிரிவுகளே உண்டு. நினைவுக் காட்சி முழுக்க மங்கலான பழுப்பு, நிகழ்காலம் முழுக்க நீலம் என்று பிரித்திருந்தால் அந்தப் பாராட்டு பெரும்பாலும் வண்ணக்காரருக்கே போக வேண்டியது. ஓவியரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது அரைகுறை விமர்சனம். பெயர்களை அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். அட்டையை வேறு ஒருவர் வரைந்திருக்கலாம், ஒரே இதழுக்குப் பல மாற்று அட்டைகளும் வரும். உள்பக்கத்தில் இருக்கும் பட்டியலே சரியானது.

5. முதல் இதழை எடை போடுவது

முதல் இதழில் முழுக் கதையும் இல்லை, அதனால் "கதை முழுமையாக இல்லை" என்று குறை சொல்வது அர்த்தமற்றது. 20 பக்கத்துக்குள் கேட்க வேண்டியவை குறைவு. நாயகனுக்கோ நாயகிக்கோ என்ன வேண்டும் என்று தெரிந்ததா? அதற்கு யார் அல்லது எது தடை என்று தெரிந்ததா? இந்த உலகத்தின் விதி ஒன்றாவது, விளக்கப் பெட்டி இல்லாமல் செயலில் காட்டப்பட்டதா? கடைசிப் பக்கம் அடுத்த இதழை எடுக்க வைக்கிறதா? கடைசிக் கேள்வியில் கொஞ்சம் சந்தேகத்தோடே இருங்கள். எந்தக் கதையின் இறுதியிலும் ஒரு பிணத்தைப் போட்டுவிட முடியும். அதற்கு முந்தைய 19 பக்கம் அந்தப் பிணத்தை நோக்கி நகர்ந்ததா என்பதே கேள்வி.

ஐந்தாறு இதழ்கள் சேர்ந்துதான் வழக்கமாக ஒரு தொகுப்பு ஆகும். எனவே முதல் இதழுக்கு ஒரு விமர்சனம், மூன்றாவதில் நாலு வரிக் குறிப்பு, கதைப்பகுதி முடிந்ததும் முழு விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்னது மாறினால் மாறியது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

6. எழுதும் அளவும் வரிசையும்

தொடக்கத்துக்கு 500 முதல் 700 சொற்கள் போதும். முதல் பத்தியிலேயே உங்கள் தீர்ப்பு வந்துவிட வேண்டும். அதைக் கடைசி வரை பூட்டி வைக்க இது துப்பறியும் கதை இல்லை. கதைச் சுருக்கம் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிரித்துப் பார்த்த அந்த ஒரு பக்கத்துக்கு 150 சொற்கள் தாராளமாகக் கொடுங்கள். மீதி இடத்தில் எழுத்து, ஓவியம், வண்ணம், குறை. பக்க எண்ணிக்கை, பதிப்பாளர், படைப்பாளிகள் பெயர், வயது வரம்பு ஆகியவை தனியாக மேலேயோ கீழேயோ வரட்டும்.

ஸ்பாய்லர், அதாவது கதையின் ரகசியத்தை முன்கூட்டியே உடைப்பது, இந்த விஷயத்தில் எதுவரை சொல்லலாம் என்பதற்கு ஒரு எளிய கோடு: பதிப்பாளரே பின்னட்டையில் சொன்னவை, அதோடு முதல் இதழின் முதல் ஐந்தாறு பக்கங்கள். அதைத் தாண்டிப் பேச வேண்டியிருந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதும் ஸ்பாய்லர்தான். படிப்பவர் இனி அதையே தேடிக்கொண்டிருப்பார்.

மதிப்பெண் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுப்பதாக இருந்தால் ஐந்துக்குள் கொடுங்கள், பத்துக்கு 7.8க்கும் 8.1க்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் விளக்க முடியாது. உங்கள் பழைய மதிப்பெண்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாமே நான்கும் நாலரையுமாக இருந்தால் அந்த எண்களுக்கு இனி மதிப்பில்லை.

ரசிகரின் பெரிய சிக்கலும் இங்கேதான். பிடித்த நாயகன், பிடித்த ஓவியர் என்றால் கை தானாக மேலே போகும். மாற்று: அதே ஓவியரின் முந்தைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எது முன்னேறியிருக்கிறது, எது பழசையே திரும்பச் செய்கிறது என்று எழுதுங்கள். ரசிகர் என்பதை மறைக்கவும் வேண்டாம். "இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவன் பார்வையில்" என்று ஒரு வரி போட்டால் புதியவர் தன் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வார். இலவசப் பிரதி வாங்கியிருந்தாலோ படைப்பாளியைப் பழக்கம் இருந்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.

படங்கள் போடுவதாக இருந்தால் அட்டையும், பதிப்பாளர் முன்னோட்டமாக வெளியிட்ட பக்கங்களும் போதும். கடைசிப் பக்கத்தைப் போடவே கூடாது. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்யும்போது அலை அலையாகக் கோலம் தெரிந்தால் அது அச்சுப் புள்ளிகளின் வேலை. ஸ்கேனரில் அச்சுப் புள்ளியை நீக்கும் அமைப்பைப் போட்டு, 300 டிபிஐக்குக் குறையாமல் எடுத்து, பிறகு சுருக்குங்கள்.

7. பரிந்துரை: புத்தகத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

விமர்சனத்தில் புத்தகம் நல்லதா என்று பேசுகிறோம். பரிந்துரையில் இவருக்கு இது சரிவருமா என்பது மட்டுமே கேள்வி. நீங்கள் ஐந்துக்கு ஐந்து கொடுத்த புத்தகம், கேட்டவருக்கு முழுத் தவறாக இருக்கலாம்.

கேட்க வேண்டியது மூன்று. கடைசியாக முழுதாக முடித்த புத்தகம், படம் அல்லது தொடர் எது? ("பிடித்தது எது" என்று கேட்காதீர்கள், கௌரவமான பதில்தான் வரும்.) எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? இதற்கு முன் காமிக்ஸ் படித்த பழக்கம் உண்டா?

பழக்கமே இல்லாதவருக்குக் கட்டங்கள் நேர் வரிசையில் இருக்கும் புத்தகம் கொடுங்கள். பக்கம் முழுக்கச் சரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும் கட்டங்களில் எதை முதலில் படிப்பது என்று தெரியாமல், "எனக்கு இது ஒத்துவரல" என்று மூடிவிடுவார்கள். குறை அவர்களிடம் இல்லை, தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரிடம். மங்கா என்றால் வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பின்னட்டையை முன்னட்டை என்று நினைத்து முடிவை முதலில் படித்தவர்கள் எவ்வளவோ பேர்.

ஒன்று கொடுங்கள், மிஞ்சினால் இரண்டு. பத்துப் புத்தகப் பட்டியல் வாங்கியவர் எதையும் தொடங்க மாட்டார். முதல் தடவைக்கு ஒரே தொகுதியில் முடியும் கதை நல்லது. பல பத்தாண்டுகளாக ஓடும் சூப்பர் ஹீரோ என்றால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்தினாலும் குறையில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள். நிறுத்தும் இடத்தைச் சொல்லாமல் விடுவது பரவலான தவறு. அட்டையில் "1" என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். பழைய தொடருக்கே புதிதாக ஒன்றிலிருந்து எண் போடுவது பதிப்பாளர்களின் பழைய வழக்கம். உள்ளே முந்தைய இருபது இதழ்களின் சங்கதி நிரம்பியிருக்கலாம்.

பரிந்துரை வரி இப்படி இருக்கட்டும்: "மெதுவான துப்பறியும் தொடர்களை முடிக்கும் பொறுமை உங்களுக்கு இருப்பதால் இது. 140 பக்கம், ஒரே கதை, முடிவு உண்டு. முதல் 30 பக்கம் குழப்பும், விடாதீர்கள். நாலாவது அத்தியாயத்தில் நாய் ஒன்று சாகிறது." கடைசி வாக்கியம் முக்கியம். வன்முறை, பாலியல், தற்கொலை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். படம் போட்ட புத்தகம் என்றாலே குழந்தைகளுக்கானது என்று எண்ணி வாங்கிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டையில் பதிப்பாளர் போட்ட வயதுக் குறியைப் பாருங்கள். ஆனால் ஒரு பதிப்பாளரின் குறி இன்னொருவருடையதோடு ஒத்துப்போகாது என்பதால் நீங்களும் ஒருமுறை புரட்டிவிட்டுக் கொடுங்கள்.

புது வெளியீடுகளைப் பரிந்துரைப்பதில் நேரமும் ஒரு விஷயம். அமெரிக்க மாத இதழ்களுக்குக் கடைக்காரர்கள் பொதுவாக வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே இறுதி எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். விற்காததைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. அதனால் பெயர் தெரியாத படைப்பாளியின் முதல் இதழைக் கடைகள் குறைவாகவே எடுக்கும். இதழ் வந்த பிறகு நீங்கள் ஆகா ஓகோ என்று எழுதி, தேடிப் போனவருக்குப் பிரதி கிடைக்காமல் போவது இதனால்தான். முன்னோட்டப் பக்கங்களைப் பார்த்து நம்பிக்கை வந்தால், "இன்னும் படிக்கவில்லை, ஐந்து பக்கம்தான் பார்த்தேன்" என்ற அறிவிப்போடு முன்பதிவு முடிவதற்கு முன்னரே சொல்லுங்கள். தவறவிட்டவர்களுக்குச் சில மாதங்களில் வரும் தொகுப்பைக் காட்டுங்கள்.

புத்தகம் கொடுத்து இரண்டு வாரம் கழித்து "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "எந்தப் பக்கத்தில் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். எண்பதாம் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த எண்பதாம் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அடுத்து அவருக்கு எதைக் கொடுக்கலாம் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.